ஏபோ-ஈ4ன்னு சொல்லி வேற எதையோ வித்துட்டாங்க, 74,500 ரூபாய் போச்சு: ஆராய்ச்சி மாணவர்கள் படிங்க

சேலம், நாமக்கல், தருமபுரி பக்கத்துக் காலேஜ்ல பயோடெக், பயோகெமிஸ்ட்ரியில பிஎச்டி பண்ற எல்லாரும் அடுத்த புரோட்டீன் ஆர்டர் போடறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க. என் 74,500 ரூபாய் போயிடுச்சு. புராஜெக்ட் பணம் இல்ல. ஸ்டைபண்ட் நிலுவை வந்ததுல கொஞ்சம், கொலுசுப் பட்டறையில வேலை பார்க்கிற எங்கம்மா சீட்டு எடுத்துக் குடுத்தது மீதி. கடை பேரை இங்க போடல. சேலத்துலயே ஆபீஸ் வெச்சு காலேஜ் லேபுக்கெல்லாம் கெமிக்கல், கிட், கண்ணாடி சாமான் சப்ளை பண்ற டீலர், அவ்வளவுதான் சொல்வேன்.

நான் கேட்டது ரீகாம்பினன்ட் (அதாவது ஜீனை வேற உயிர் செல்லுல வெச்சுத் தயாரிச்ச) ஏபோ-ஈ4. ஏபோ-ஈங்கிறது கொழுப்பைச் சுமந்துட்டுப் போற புரோட்டீன். மூளையில பெரும்பாலும் ஆஸ்ட்ரோசைட் செல்கள்தான் இதைச் சுரக்குது, கொலஸ்ட்ராலை நியூரானுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்குது. மொத்தம் 299 அமினோ அமிலம். மனுஷங்ககிட்ட ஈ2, ஈ3, ஈ4ன்னு மூணு வகை முக்கியம். மூணுக்கும் வித்தியாசம் 112, 158ங்கிற ரெண்டே இடத்துல. ஈ3க்கு 112ல சிஸ்டீன்ங்கிற அமினோ அமிலம், 158ல ஆர்ஜினின்ங்கிற அமினோ அமிலம். ஈ4க்கு ரெண்டு இடத்துலயும் ஆர்ஜினின். இத்தனூண்டு மாற்றம்தான், ஆனா வயசான காலத்துல வர்ற அல்சைமருக்கும் ஈ4க்கும் தொடர்பு இருக்குன்னு 1993ல டியூக் பல்கலைக்கழகத்துல அலன் ரோசஸ் குழு காட்டினதுல இருந்து உலகம் பூரா ஈ3யையும் ஈ4யையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்துட்டு இருக்காங்க. என் வேலையும் அதேதான். மைக்ரோகிளியாங்கிற மூளையோட பாதுகாப்பு செல்லுக்கு ரெண்டையும் தனித்தனியா குடுத்து, என்ன மாறுதுன்னு பார்க்கணும். ஈ3 பெங்களூர்ல ஒரு லேப்ல இருந்து கிடைச்சிருச்சு. ஈ4தான் வாங்க வேண்டி இருந்தது.

டீலரோட ஆள் எங்க டிபார்ட்மென்ட்டுக்கே வந்தாரு. சாதாரணமா இவங்க கேட்டலாக் நம்பரைத் தாண்டி ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. இவரு என் மேஜை மேல கிடந்த பேப்பரை இழுத்து 112, 158ன்னு எழுதினாரு. "ரெண்டுலயும் ஆர்ஜினின் மேடம், நமக்கு வேண்டியது அதுதானே?" அப்படின்னாரு. நான் கேக்காமயே எண்டோடாக்சின் பேச்சை எடுத்தாரு. "ஈ.கோலை பாக்டீரியாவுல செஞ்சது, ஆனா சுத்தமா எடுத்தாச்சு. மைக்ரோகிளியாவுக்கு அது முக்கியமாச்சே" அப்படின்னாரு. உண்மைதான், அந்த பாக்டீரியா நச்சு துளி இருந்தாலும் மைக்ரோகிளியா தானா உசுப்பேறிடும், ரிசல்ட் பூராவும் பொய்யாயிடும். இவ்வளவு தெரிஞ்ச ஆள், கையில அனாலிசிஸ் சர்டிபிகேட் வேற. நம்பினேன். யாரா இருந்தாலும் நம்பியிருப்பாங்க. "இம்போர்ட் ஐட்டம், முழுப் பணமும் முன்னாடியே போட்டாதான் புக் ஆகும்"னாரு. 74,500 ரூபாயும் அன்னைக்கே போட்டேன்.

சித்திரை வெயில்ல தெர்மகோல் பெட்டி வந்தது. உள்ள ஜெல் பேக் உருகி, வெதுவெதுன்னு கொழகொழன்னு கிடந்தது. "லயோபிலைஸ்டு பவுடர் மேடம், ஒண்ணும் ஆகாது"ன்னாங்க. அது நியாயமான பதில், உறைஉலர் பவுடர் கொஞ்ச நாள் தாங்கும். அதை நான் குறை சொல்லல.

செல்லுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி, புரோட்டீனை எடை வாரியாப் பிரிச்சுப் பட்டையாக் காட்டுற ஜெல் ஓட்டினேன். சிஸ்டீன்களுக்கு நடுவுல இருக்கிற டைசல்ஃபைட் பிணைப்பை உடைக்கிற பீட்டா மெர்காப்டோஎத்தனால் போட்டு ஒரு லேன் (ஜெல்லுல ஒரு வரிசை), போடாம ஒரு லேன். போட்ட லேன்ல 34 கிலோடால்டன் (மூலக்கூறு எடை) கிட்ட ஒரே பட்டை, அழகா. போடாத லேன்ல அதோட மேல 70 பக்கத்துல இன்னொரு பட்டை, நல்லா தடியா. ரெண்டு மூலக்கூறு ஜோடி சேர்ந்து நிக்குதுன்னு அர்த்தம். ஈ4ல சிஸ்டீனே கிடையாதுங்க! சிஸ்டீன் இல்லாம டைசல்ஃபைட் பிணைப்பு எங்கிருந்து வரும்? பெங்களூர் ஈ3யைப் பக்கத்து லேன்ல ஓட்டினேன், அச்சு அசலா அதே ரெண்டு பட்டை. அப்புறம்தான் வயலை (பவுடர் வந்த சின்ன குப்பியை) வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தேன். ஃப்ரீசர் ஈரத்துல லேபிள் ஓரம் எழும்பி இருந்தது, அடியில இன்னொரு லேபிள். சர்டிபிகேட்ல இருந்த லாட் (பேட்ச்) நம்பரைத் தயாரிச்ச கம்பெனிக்கே மெயில்ல அனுப்பிக் கேட்டேன். அப்படி ஒரு லாட்டே அவங்க போடலையாம்.

நான் இதைக் கண்டுபிடிக்காம விட்டிருந்தா ஈ3யையும் ஈ3யையும் ஒப்பிட்டுட்டு "வித்தியாசம் இல்லை"ன்னு தீசிஸ்ல எழுதியிருப்பேன். அதை நெனச்சாதான் வயிறு எரியுது.

டீலருக்குப் போன் போட்டா முதல்ல "கரைச்சதுல தப்பு நடந்திருக்கும் மேடம்." கரைச்சா ஆர்ஜினின் சிஸ்டீனா மாறிடுமா? அடுத்து "மும்பை ஆபீஸ்ல சொல்லியிருக்கோம்." அப்புறம் "வயலைத் திறந்துட்டா ரிட்டர்ன் கிடையாது." திறக்காம எப்படிங்க டெஸ்ட் பண்றது? நேர்ல போனேன். அந்த 112, 158 எழுதின ஆள் உள்ள உக்காந்துட்டே வெளியூர் போயிட்டதா சொல்ல வெச்சாரு. கடைசியா மேனேஜர், "லேபிள்ல 'ஆராய்ச்சிப் பயன்பாட்டுக்கு மட்டும்'னு போட்டிருக்கில்ல, கேரண்டி எல்லாம் கிடையாதும்மா"ன்னாரு. ஆராய்ச்சிக்குத்தானே வாங்கினேன்! பில்லை எடுத்துப் பார்த்தா அதுல "பயோகெமிக்கல் – 1"ன்னு மட்டும் இருக்கு. புரோட்டீன் பேரே இல்ல. 74,500 ரூபாய்க்கு அதான் பில்லு. இப்ப மெசேஜ் போட்டா ப்ளூ டிக் விழுது, பதில் இல்ல.

எங்கம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க: "பட்டறையில டச் (வெள்ளியோட சுத்தம்) பார்க்காம ஒரு கிராம் வெள்ளி வாங்க மாட்டோம், உங்க ஊர்ல இதுக்கெல்லாம் டச் பார்க்கிற இடம் இல்லையா கண்ணு?"

என்ன பண்ணணும்னு விவரமா எழுதலாம்னுதான் ஆரம்பிச்சேன், மண்டை ஓடல. லாட் நம்பரைப் பணம் போடறதுக்கு முன்னாடியே கம்பெனிக்கு எழுதிக் கேளுங்க. பில்லுல புரோட்டீன் பேரு, வகை, லாட் நம்பர் மூணும் இல்லாம வாங்காதீங்க. முழுப் பணமும் முன்னாடி போடாதீங்க. பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்க. ஈ4ன்னா மெர்காப்டோஎத்தனால் போடாத லேன் ஒண்ணு கட்டாயம் ஓட்டுங்க.

நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிட்டு இருக்கேன். இதே டீலர்கிட்ட வாங்கின மாதிரி சந்தேகம் இருக்கிறவங்க ஃப்ரீசர்ல இருக்கிற வயலை எடுத்து லேபிளுக்கு அடியில பாருங்க, பில்லோட எனக்கு எழுதுங்க, சேர்ந்தே குடுக்கலாம்.