அருகில் இருப்பதா, அவிழ்த்துக் கட்டுவதா, ஐயமற நிறுவுவதா?

பல இடங்களுக்கும் ஒருமுறை மட்டும் சென்று, புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் மிகக் குறுகிய சுற்றைக் கண்டறிவதே பயண விற்பனையாளர் சிக்கல். பத்து இடங்கள் என்றால் 1,81,440 சுற்றுகளையும் ஒவ்வொன்றாக அளந்து முடிக்கலாம்; இருபது என்றாலே எண்ணிக்கை அறுநூறு கோடி கோடியைத் தாண்டிவிடும்.

எவருக்கும் முதலில் தோன்றும் வழி, அடுத்து அருகில் உள்ள இடத்துக்குப் போவது. நேரான சாலையொன்றில் கடை இருக்கிறது. கிழக்கே 1 கி.மீ., 5 கி.மீ. தொலைவுகளிலும் மேற்கே 2 கி.மீ. தொலைவிலும் வீடுகள் உள்ளன என்று கொள்வோம். அருகில் உள்ளதையே நாடுபவர் முதலில் கிழக்கே 1 கி.மீ. சென்று, அங்கிருந்து மேற்கு வீட்டுக்குத் திரும்பி, பிறகு கிழக்குக் கோடிக்கு ஓடி, கடைக்குத் திரும்புவதற்குள் மொத்தம் 16 கி.மீ. அலைவார். சிறந்த சுற்றோ 14 கி.மீ. மட்டுமே. சமதளத்தில் தாறுமாறாகச் சிதறிய புள்ளிகளில் இம்முறை சராசரியாகச் சுமார் 25 சதவீதம் கூடுதல் தூரம் தருகிறது.

1958இல் குரோஸ் முன்வைத்த முறை, கிடைத்த சுற்றில் இரண்டு இணைப்புகளை அவிழ்த்து மாற்றிக் கட்டுகிறது. மேற்சொன்ன சுற்றில் 3 கி.மீ., 5 கி.மீ. இணைப்புகளை நீக்கி 4 கி.மீ., 2 கி.மீ. இணைப்புகளைச் சேர்த்தால், ஒரே மாற்றத்தில் 14 வந்துவிடுகிறது. செலவுக்கேற்ற பலன் இதில்தான் அதிகம் என்பது என் கருத்து. இதையே விரித்து, பல இணைப்புகளைத் தொடராக மாற்றும் லின்–கெர்னிகன் முறை (1973) பெரும்பாலும் சிறந்த சுற்றை இரண்டு சதவீத அளவுக்கு நெருங்கிவிடும். கிறிஸ்டோஃபைட்ஸ் முறை (1976), நேர்வழி ஒருபோதும் சுற்றுவழியைவிட நீளாத இடங்களில், சிறந்த சுற்றின் ஒன்றரை மடங்கைத் தாண்டாது என்று உறுதி தருகிறது; ஆனால் நடைமுறையில் அதன் சுற்றுகள் இவற்றைவிட நீளமாகவே அமைவது வழக்கம்.

இவை எவையும் "இதைவிடக் குறுகியது இல்லை" என்று சொல்வதில்லை. அதைச் சொல்வதற்கு, எந்தச் சுற்றும் இறங்க முடியாத ஒரு கீழ் எல்லையை நிறுவ வேண்டும். டான்ட்சிக், ஃபுல்கர்சன், ஜான்சன் மூவரும் 1954இல் 49 அமெரிக்க நகரங்களுக்கு நேரியல் சமனின்மைகளை (ஒரு கூட்டுத்தொகை இவ்வளவுக்குக் குறையாது, மிகாது என்பன போன்ற நிபந்தனைகளை) கொண்டு இதைச் சாதித்தார்கள். அவ்வழியில் வளர்ந்த கான்கார்ட் மென்பொருள் 2006இல் 85,900 புள்ளிகள் வரை எட்டியது. சுவீடனின் 24,978 ஊர்களுக்கான சுமார் 72,500 கி.மீ. சுற்றைக் கண்டுபிடித்தது, லின்–கெர்னிகன் முறையை ஹெல்ஸ்கான் செம்மைப்படுத்திய நிரல். அதுவே மிகக் குறுகியது என்று 2004இல் நிறுவியது கான்கார்ட்.

இச்சிக்கல் கடினமானது என்று கேள்விப்பட்டவுடனேயே சிறந்த விடையைத் தேடுவதைப் பலர் கைவிட்டுவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது. ஐம்பது அறுபது இடங்கள் என்றால், சாதாரணக் கணினியிலேயே ஓரிரு நொடிகளில் ஐயமற்ற விடை கிடைத்துவிடும்.