உக்கடத்தில் 23 புத்தகம், ஒரு மயிலிறகு

மெல்பர்னுக்குக் குடிபோய் ஒன்பது வருடம் ஆகிறது. அங்கே குழந்தைகளுக்கான கெட்டி அட்டைப் படப் புத்தகம் ஒன்றைப் புதிதாக வாங்கினால் 25 டாலர் போய்விடும். நம் காசுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல். அந்த ஊரில் புத்தகத்துக்கும் 10 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு, இங்கே அச்சுப் புத்தகத்துக்கு அந்த வரியே இல்லை. நூலக அட்டை இலவசம்தான், வாராவாரம் பை நிறைய எடுத்து வருகிறோம். ஆனால் என் மகளுக்கு, திருப்பிக் கொடுக்க வேண்டிய புத்தகத்தின் மேல் ஒட்டுதல் வருவதில்லை. முதல் பக்கத்தில் தன் பெயரை எழுதினால்தான் அது அவளுக்குப் புத்தகம்.

ஈரோடு புத்தகத் திருவிழா ஆகஸ்டில் நடக்கும். அவளுடைய நீண்ட விடுமுறையோ டிசம்பர் கடைசியில்தான் தொடங்கும். அதனால் பெருந்துறையில் அம்மா வீட்டுக்கு வந்ததும் ஒரு நாள் ஒதுக்கி, கோவை காந்திபுரத்தில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து உக்கடம் போய்விடுவோம். பழைய புத்தகக் கடைகளுக்கு.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். அடுக்கு, ஒழுங்கு எதுவும் கிடையாது. முன்வரிசை முழுக்க டி.என்.பி.எஸ்.சி., நீட், இன்ஜினியரிங் புத்தகங்கள்தான். கதைப் புத்தகமும் படப் புத்தகமும் அடியில், கயிறு கட்டிய கட்டுகளில் கிடக்கும். தூசி மூக்கில் ஏறும். விலையில் ஒரு சூட்சுமம் உண்டு: பிள்ளை இங்கிலீஷில் பேசுவது காதில் விழுந்தால் அறுபது நூறாகிவிடும். இந்த முறை அவளிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். “ஏனுங்க, இது எவ்வளவுங்க?” என்று கேட்டாள். கடைக்காரர் சிரித்துவிட்டு, “அம்மிணி கேக்கறதுக்காக நாப்பது” என்றார்.

அந்த நாற்பது ரூபாய்ப் புத்தகம்தான் இந்த வருடத்தின் வேட்டை. உலக நாடுகளின் தேசிய விலங்குகள் பற்றியது, 1969-இல் அச்சானது. முதுகில் ஒட்டுத்துணி பிய்ந்திருந்தது, படங்களின் நிறம் மட்டும் மங்கவில்லை. பஸ்ஸிலேயே படிக்க ஆரம்பித்தாள். ஸ்காட்லாந்தின் விலங்கு ஒற்றைக் கொம்புக் குதிரை, அதுவும் பொன்சங்கிலியால் கட்டிப்போட்டது என்றதும், “இல்லாத மிருகத்தை எதுக்குக் கட்டணும்?” என்றாள். அவிநாசி வரைக்கும் யோசித்தேன், பதில் வரவில்லை.

இந்தியாவின் பக்கத்தில் சிங்கம். “தப்பாப் போட்டிருக்காங்கம்மா, புலிதானே?” தப்பில்லை. 1972 வரைக்கும் நமக்குச் சிங்கம்தான். சிங்கம் குஜராத்தின் கிர் காட்டில் மட்டும் மிஞ்சியிருக்க, புலிக்குப் பல மாநிலங்களில் காடு இருக்கிறது. மாற்றிய மறுவருடமே புலி பாதுகாப்புத் திட்டமும் வந்துவிட்டது. “அப்போ ரூபாய் நோட்டுல ஏன் இன்னும் சிங்கம்?” என்றாள். அது சாரநாத் தூணில் இருந்து எடுத்த அரசுச் சின்னம், வேறு கணக்கு என்று விளக்கி முடிப்பதற்குள் பெருமாநல்லூர் வந்துவிட்டது. புதுப் புத்தகம் வாங்கியிருந்தால் புலி என்று போட்டிருக்கும், இந்தப் பேச்சே வந்திருக்காது. பழைய புத்தகத்தில் தகவல் பழசாக இருக்கிறதே என்று குறைப்படுகிறவர்கள் இதையும் யோசிக்கலாம். (அறிவியல், கணினிப் புத்தகங்களுக்கு இந்த நியாயம் செல்லாது. அவற்றைப் புதிதாகவே வாங்குங்கள்.)

வீட்டில் அப்பிச்சியிடம், அதாவது என் அப்பாவிடம், ஆஸ்திரேலியப் பக்கத்தைத் திறந்து காட்டினாள். சின்னத்தில் கங்காருவும் ஈமுவும் கேடயத்தைப் பிடித்து நிற்கும், 1912-இல் வந்த சின்னம். சாட்சிக்கு 50 சென்ட் நாணயத்தையும் எடுத்து நீட்டினாள். அப்பா கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, “இந்தக் கருமத்தைப் போயி காசுல வெச்சிருக்கானுங்களா!” என்றார். எங்கள் பக்கத்தில் ஈமு என்ற பேச்சே ஆகாது. சித்தப்பா ஈமு வளர்ப்புத் திட்டத்தை நம்பி ஒன்றரை லட்சம் கட்டி ஆறு குஞ்சு வாங்கினவர். 2012-இல் அந்தத் திட்டம் கவிழ்ந்தபோது தீனிக்கும் வழியில்லாமல், விற்கவும் ஆளில்லாமல் அவற்றோடு அவர் பட்ட பாடு இருக்கிறதே! அந்தப் பறவை ஒரு நாட்டின் சின்னம் என்று அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. மகள் போய்ச் சொன்னாள். நாணயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், “அங்கயாச்சும் மரியாதையா இருக்கட்டும்” என்றார்.

வாங்கினால் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பாருங்கள். ஒரு கதைப் புத்தகத்தில் கடைசி எட்டுப் பக்கம் இல்லை, ஊருக்கு வந்துதான் கவனித்தேன். இராமபாணப் பூச்சி ஓட்டை போட்டது, மண் ஒட்டியது எதையும் எடுக்காதீர்கள். ஆஸ்திரேலிய விமான நிலையத்தில் சோதனை கறார். எங்கள் விலங்குப் புத்தகத்தின் நடுவில் யாரோ குட்டி போடட்டும் என்று வைத்த மயிலிறகு இருந்தது. மயில் நம் தேசியப் பறவை, இறகை ஏற்றுமதி செய்யத் தடை இருக்கிறது. அந்தப் பக்கமும் இறகு என்றால் சோதனைக்குக் காட்டியாக வேண்டும். அழுகையோடு அப்பிச்சியின் பஞ்சாங்கத்துக்குள் மாற்றி வைத்தாள். போன வாரம் வீடியோ காலில், “குட்டி போட்டுச்சா அப்பிச்சி?” என்று கேட்டாள். “இல்ல சாமி, அரிசி போட்டு வெச்சிருக்கேன்” என்றார்.

மொத்தம் 23 புத்தகம், 1,140 ரூபாய், ஒன்பது கிலோ. அந்த ஒன்பது கிலோவுக்காக அம்மா இடித்துக் கொடுத்த மிளகாய்த்தூளும் செக்கில் ஆட்டிய கடலெண்ணெயும் பெட்டியை விட்டு வெளியே போயின. அம்மா இன்னும் அதைச் சொல்லிக்காட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.