"குரைப்பை நிறுத்தித் தருகிறோம், கேரண்டி" என்று சொன்னால் நாயை அனுப்பாதீர்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நாய் வளர்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாய் ஓயாமல் குரைக்கிறது, அக்கம்பக்கத்தில் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை, அந்த நேரம் பார்த்து போனில் ஒரு விளம்பரம் வருகிறது: "ஒரே மாதத்தில் குரைப்பு நிற்கும். நூறு சதவீத கேரண்டி. நாயை எங்களிடம் விட்டால் போதும்." எங்களுக்கும் அப்படித்தான் வந்தது. பணம் போனதுகூடப் போகட்டும். நாய் திரும்பி வந்த நிலையை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

பண்ணையின் பெயரை இங்கே போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. பெயர் தெரிந்தும் பெரிய லாபமில்லை. நாளைக்கு வேறு போர்டு மாட்டிக்கொண்டு வருவார்கள். வேலை செய்கிற விதம் தெரிந்தால் எந்தப் பெயரில் வந்தாலும் அடையாளம் தெரியும்.

எங்கள் ஜூலி, லேப்ரடாரும் நாட்டு நாயும் கலந்தவள். காவேரிப்பட்டணத்தில் சித்தப்பாவின் மாந்தோப்பிலிருந்து குட்டியாகக் கொண்டுவந்தோம். வீடு கிருஷ்ணகிரிக்கு வெளியே, மாங்கூழ் ஆலைக்குப் போகும் ரோட்டில். சீசன் வந்துவிட்டால் பெங்களூரா மாங்காய் ஏற்றிய லாரியும் டிராக்டரும் ராத்திரியெல்லாம் வரிசையில் நிற்கும். கேட்டருகே படுத்திருக்கும் ஜூலி பதினொரு மணிக்கு ஆரம்பித்தால் விடியும்வரை ஓயமாட்டாள். எதிர் வீட்டு அண்ணனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. முதல் ஷிப்ட் என்றால் நாலரைக்கெல்லாம் கம்பெனி பஸ் பிடிக்க வேண்டும். "தம்பி, ஒரு வாரமா தூக்கமே இல்லப்பா, ஏதாவது பாரு" என்றார். சண்டை போட்டிருந்தால்கூடப் பதிலுக்குப் பேசியிருக்கலாம். கண் சிவந்துபோய் நின்றவரிடம் என்ன பேசுவது?

அதனால்தான் ட்ரெய்னரைத் தேடினோம். தர்மபுரிக்கும் பாலக்கோட்டுக்கும் நடுவே, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு பண்ணை. எல்லோரும் 'மாஸ்டர்' என்று கூப்பிடும் ஆள் நன்றாகப் பேசினார். ஒரு மாதப் பேக்கேஜ் 18,000 ரூபாய், முன்பணம் 12,000. சுவரில் கண்ணாடி போட்டு ஒரு சான்றிதழ் மாட்டியிருந்தது. "கவர்ன்மென்ட் அப்ரூவ்டு சார்" என்று அதைத் தட்டிக் காட்டினார். அது என்ன என்று பிறகுதான் உட்கார்ந்து பார்த்தோம். உத்யம் பதிவு. சிறுதொழில் செய்கிற யாரும் ஆதாரை வைத்து ஆன்லைனில் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். ஊறுகாய் கம்பெனி வைத்திருப்பவரிடமும் அதே சான்றிதழ்தான் இருக்கும். நாயைப் பழக்கத் தெரியுமா என்பதை அது சொல்லாது. சில இடங்களில் நாய் இனப்பெருக்கத்துக்கான 2017 விதிகளின் கீழோ, செல்லப்பிராணிக் கடைகளுக்கான 2018 விதிகளின் கீழோ வாங்கிய பதிவைக் காட்டுவார்கள். அவை குட்டி விற்பதற்கும் கடை நடத்துவதற்கும் உள்ளவை. பயிற்சிக்கான சான்று என்று ஏமாந்துவிடாதீர்கள்.

இன்னொன்றையும் அங்கேயே கவனித்தோம். ஜூலி எதைப் பார்த்துக் குரைக்கிறாள், எத்தனை மணிக்கு, எங்கே கட்டியிருக்கிறோம், வயது என்ன, காதில் கீதில் கோளாறு உண்டா என்று ஒரு கேள்வியும் அவர் கேட்கவில்லை. எடை எவ்வளவு, கடிக்குமா என்று இரண்டே கேள்வி. எல்லா நாய்க்கும் ஒரே வைத்தியம் வைத்திருப்பவருக்கு அது போதும்தானே.

நாயை விட்ட பிறகு பார்க்கப் போகலாமா என்று கேட்டால், "ஓனர் முகத்தைப் பார்த்தா பழகினது எல்லாம் மறந்துடும் சார்" என்பார். வாரம் ஒரு வீடியோ வரும். ஜூலி அசையாமல் உட்கார்ந்திருப்பாள், பின்னால் வேறு நாய்கள் குரைக்கும், இவள் வாயே திறக்கமாட்டாள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். என் மனைவி மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டு, "இவ காது ஏன் இப்படிப் பின்னால ஒட்டிக் கிடக்கு?" என்றாள். பெரிதாக்கிப் பார்த்தோம். வால் காலிடுக்கில் செருகியிருந்தது. நாக்கால் உதட்டை நக்கிக்கொண்டே இருந்தாள், நடுவில் கொட்டாவி. இவையெல்லாம் பயந்துபோன நாயின் அடையாளம் என்று இப்போது தெரியும். போன் செய்து கேட்டதற்கு, "புது இடம் இல்லையா, செட் ஆகுது" என்றார்.

மாதம் முடிந்ததும் பண்ணைக்கு வரச் சொல்லவில்லை. டோல்கேட் பக்கம் ஒரு டீக்கடை வாசலில் நாயைக் கொண்டுவந்து ஒப்படைத்தார். மீதிப் பணத்தோடு "ட்ரெய்னிங் கிட்" 3,500, தீனி எக்ஸ்ட்ரா 2,000 என்று புதுக் கணக்கு வேறு. ஆக மொத்தம் 23,500. பில் கேட்டால், "அதான் ஜிபேல இருக்கே சார்." பணம் போனதும் மாஸ்டர் பெயருக்கு அல்ல, யாரோ ஒரு பெண்ணின் பெயருக்கு. அங்கேயே ஒரு டெமோ காட்டினார். போனில் காலிங் பெல் சத்தம் போட்டார், ஒரு லாரி ஹார்ன் அடித்துக்கொண்டு போனது, ஜூலி வாய் திறக்கவில்லை. எங்களைப் பார்த்து வாலும் ஆட்டவில்லை. அவள் பார்வை முழுக்க மாஸ்டரின் சட்டைப் பையில் இருந்தது. அதில் ஒரு சின்ன ரிமோட்.

அந்த 3,500 ரூபாய் கிட் அவள் கழுத்திலேயே இருந்தது. கருப்புப் பெல்ட், தொண்டைப் பக்கம் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. ஆன்லைனில் அதே மாதிரி பாதி விலைக்குக் கிடைக்கிறது. "ஒரு மாசத்துக்கு இதைக் கழட்டவே கூடாது, சார்ஜ் மட்டும் போட்டுக்கங்க" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

ராத்திரி அம்மா அவள் கழுத்தைத் தடவிவிட்டவர் கையை முகர்ந்து பார்த்துவிட்டு, "என்னடா இது, சீழ் வாடை அடிக்குது" என்றார். பெல்ட்டைக் கழற்றி முடியை ஒதுக்கி டார்ச் அடித்துப் பார்த்தோம். பெட்டியின் உள்பக்கம் இரண்டு உலோக முனைகள். அவை அழுத்திய இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பள்ளம், மிளகு போகிற அளவு. சுற்றிலும் தோல் கன்றிப்போய், முடி சீழில் ஒட்டிக் காய்ந்திருந்தது. கொஞ்சம் தள்ளி அதே மாதிரி இன்னொரு ஜோடி, அது ஆறிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் புண்ணானதும் பெல்ட்டை நகர்த்திப் போட்டிருக்கிறார்கள்.

கால்நடை மருத்துவமனையில் டாக்டரம்மா முடியைச் சிரைத்துச் சுத்தம் செய்து மருந்து எழுதிக் கொடுத்தார். இது ஷாக் காலர், குரைத்தாலோ ரிமோட்டை அழுத்தினாலோ கழுத்தில் மின்சாரம் பாயும் என்றார். புண் மின்சாரத்தால் மட்டும் வருவதில்லையாம். முனைகள் இறுக்கமாக ஒரே இடத்தில் மணிக்கணக்கில் அழுத்தினாலே அந்த இடத்தில் ரத்த ஓட்டம் நின்று தோல் செத்துவிடும். நாள் முழுக்கப் போட்டு வைக்காதே என்று இந்த காலர் செய்யும் கம்பெனிகளின் கையேட்டிலேயே இருக்கும். மாஸ்டரோ மாதம் முழுக்கக் கழற்றாதே என்கிறார். வேல்ஸ் நாட்டில் 2010-லேயே இந்த ஷாக் காலரைத் தடை செய்துவிட்டார்கள். இங்கே ஆன்லைனில் ஆர்டர் போட்டால் வீட்டு வாசலுக்கே வருகிறது.

புண் ஆறிவிடும் என்று நினைத்தோம், ஆறியும் விட்டது. பெரிய சேதாரம் வேறு இடத்தில் இருந்தது. தண்ணீர் கேன் போடும் பையன் ஜூலிக்குக் குட்டியிலிருந்தே பழக்கம். முன்பெல்லாம் அவன் வந்தால் நாலு குரை குரைத்துவிட்டு வாலாட்டிக்கொண்டு ஓடுவாள். திரும்பி வந்த பிறகு ஒரு நாள் அவன் "அக்கா, கேன்" என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளே வர, ஒரு சத்தமில்லை, ஒரு உறுமல்கூட இல்லை, பின்னாலிருந்து போய் கெண்டைக்காலைக் கவ்விவிட்டாள். சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி ஜி.எச்.சுக்குக் கூட்டிப் போனோம். ஜூலிக்கு ரேபிஸ் ஊசி தவறாமல் போட்டிருந்தாலும் அவனுக்கும் அன்றைக்கே ஊசி ஆரம்பித்தார்கள். முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாள் என்று நாலு தடவை. பாவம், செய்யாத குற்றத்துக்கு அந்தப் பையன் கையில் ஊசி வாங்கினான்.

டாக்டரம்மா இதற்கு ஆச்சரியப்படவே இல்லை. "குரைக்கிறதும் உறுமுறதும் அது நமக்குக் கொடுக்கிற எச்சரிக்கை. எச்சரிக்கை பண்ணினா வலிக்கும்னு பழக்கிட்டாங்க. இப்ப அது நேரா கடிக்குது" என்றார். அது மட்டுமில்லை. ஒவ்வொரு முறை அந்நியர் வரும்போதும் கழுத்தில் ஷாக் விழுந்தால், நாய் என்ன கணக்குப் போடும்? 'நான் குரைத்ததால் வலித்தது' என்றா? 'இந்த ஆள் வந்தால் வலிக்கிறது' என்றும் போடலாம். அப்புறம் ஆளைப் பார்த்தாலே அதற்கு ஆகாது. பக்கத்து நாய் குரைத்தால்கூட இயங்கிவிடும் மட்டமான பெல்ட்களும் உண்டு. அப்போது தான் என்ன செய்தோம் என்றே நாய்க்குப் புரியாது. பிள்ளை அழுகிறது என்று வாயைப் பொத்துவதை வைத்தியம் என்று யாராவது சொல்வார்களா? இங்கே அதற்கு 23,500 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள்.

மாஸ்டருக்குப் புண்ணின் போட்டோவை அனுப்பிக் கேட்டேன். பதிலுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ்: "சார், குரைக்குதா? குரைக்கல இல்ல? சொன்னதைச் செஞ்சு குடுத்துட்டேன்." அதோடு நம்பரை பிளாக் செய்துவிட்டார். மருத்துவமனை வரிசையில் தர்மபுரிக்காரர் ஒருவரைப் பார்த்தேன். அவருடைய நாயும் அதே பண்ணையில் இருந்து வந்ததுதான். அவருக்கு "உங்க நாய் இன்னைக்கு" என்று வந்த வீடியோக்களில் ஒன்றில் இருந்தது அவருடைய நாயே இல்லை, நெற்றியில் இருக்கவேண்டிய வெள்ளைப் பொட்டைக் காணோம்.

சரி, பெல்ட்டைக் கழற்றிய பிறகு திரும்ப வந்த ராத்திரிக் குரைப்புக்கு என்னதான் செய்வது? செலவே இல்லாத வேலையைத்தான் டாக்டரம்மா முதலில் சொன்னார். ராத்திரி போனில் பதிவு செய்து, எதற்குக் குரைக்கிறாள் என்று பாருங்கள் என்றார். லாரியின் ஏர் பிரேக் 'புஸ்' என்று விடும்போதெல்லாம் ஆரம்பிக்கிறாள், கேட் கம்பி வழியே வெளிச்சம் நகர்வதைப் பார்த்து ஓட்டிக்கொண்டே போகிறாள். கேட்டுக்குத் தோட்டத்தில் போடும் பச்சை வலையை இரண்டு மடிப்பாகக் கட்டினோம். படுக்கையைப் பின்பக்கம் மாற்றினோம். சாயங்காலம் நன்றாக நடக்க வைத்துவிட்டு சாப்பாடு போட்டோம். பாதி சத்தம் இதிலேயே குறைந்துவிட்டது. மீதிக்கு, பதிவு செய்த ஏர் பிரேக் சத்தத்தைக் காதில் விழுந்தும் விழாத அளவுக்கு வைத்து, அவள் சும்மா இருக்கும்போது வேகவைத்த ஈரல் துண்டு ஒன்று. நாள் போகப்போக சத்தத்தைக் கூட்ட வேண்டும். குரைத்தால் அதட்டக்கூடாது, நாமும் சேர்ந்து குரைப்பதாகத்தான் அது எடுத்துக்கொள்ளும். தானாக நிறுத்தும் அந்த இரண்டு நொடியில் "போதும்" என்று சொல்லி ஈரலைக் கொடுத்தால், பிறகு "போதும்" என்ற சொல்லுக்கே நிறுத்தப் பழகும். நம் கவனத்துக்காகக் குரைக்கிற நாயாக இருந்தால் கண்டுகொள்ளாமல் விட வேண்டும். முதலில் சத்தம் இன்னும் கூடும், அங்கேதான் எல்லோரும் பொறுமை இழந்து ட்ரெய்னருக்குப் போன் போடுகிறார்கள். வயதான நாய் திடீரென்று குரைக்க ஆரம்பித்தால் பயிற்சிக்கு முன்னால் டாக்டர்தான், வலியோ காது மந்தமோ இருக்கலாம்.

வாயைக் கயிறு கட்டி மூடுவதையும் சிலர் பயிற்சி என்கிறார்கள். நாய் வாயைத் திறந்து இரைத்துத்தான் உடம்புச் சூட்டை வெளியேற்றும். நம் ஊர் வெயிலில் வாயைக் கட்டினால் உயிருக்கே ஆபத்து.

நல்ல ட்ரெய்னர்கள் இல்லாமலில்லை. அவர்கள் வீட்டுக்கு வருவார்கள், கேள்வி கேட்டுத் துளைத்தெடுப்பார்கள், நம் கண்முன்னால் செய்வார்கள், நமக்கும் சொல்லித் தருவார்கள். கேரண்டி என்று மட்டும் சொல்லமாட்டார்கள். நாயைப் பார்க்கவே விடமாட்டேன் என்பவரிடம் ஒரு நாளும் விடாதீர்கள்.

புகார் விஷயத்துக்கு வருகிறேன். விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் போட்டது. 11-ஆவது பிரிவில் முதல் தடவை மாட்டினால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. மாஸ்டர் டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அதனால் நுகர்வோர் வழியையும் பிடித்தோம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு, பிறகு பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ், அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. பிரச்சினை நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பண்ணை வேறு மாவட்டத்தில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். தர்மபுரிக்கு அலைய வேண்டியதில்லை. டாக்டரம்மா தேதியோடு எழுதிக் கொடுத்த சீட்டு, புண்ணின் போட்டோக்கள், ஜிபே ரசீது, அந்த வாய்ஸ் மெசேஜ், பெல்ட் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறோம். விசாரணைக்குத் தேதி வரவேண்டும்.

இதே மாதிரி யாராவது மாட்டியிருந்தால், சண்டை போட்டு பிளாக் வாங்குவதற்கு முன்னால் வாட்ஸ்அப் சாட்டை எக்ஸ்போர்ட் செய்து வேறு எங்காவது சேமித்துவிடுங்கள். நாயை டாக்டரிடம் காட்டும்வரை கழுத்தைக் கழுவவோ மருந்து போடவோ வேண்டாம், முதலில் போட்டோ. பெல்ட்டைக் கோபத்தில் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.