சூரியகாந்தியா, ஐரிஸா: வான் கோ ஓவியங்களில் எதைப் பார்த்து வரையலாம்?

டச்சு ஓவியர் வின்சென்ட் வான் கோவின் பூச்சாடி ஓவியங்களைப் பார்த்து வரைந்து பழகுபவர்கள் பெரும்பாலும் சூரியகாந்தி, ஐரிஸ் பூ ஆகிய இந்த இரண்டில்தான் தயங்குகிறார்கள்.

பிறந்த நேரம்
சூரியகாந்தி: 1888 ஆகஸ்ட், பிரான்சின் ஆர்ல் நகரம். ஓவிய நண்பர் கோகான் தங்கப்போகும் அறைக்காக வரைந்தது.
ஐரிஸ்: 1890 மே, பிரான்சின் சான் ரெமி ஊரில் தங்கியிருந்த மனநலக் காப்பகத்தை விட்டுக் கிளம்பும் நாட்களில்.

வண்ணம்
சூரியகாந்தி: லண்டன் நேஷனல் கேலரி படத்தில் பூ, சாடி, மேசை, சுவர் எல்லாம் மஞ்சள். சாயத்தின் தடிப்பில்தான் வேறுபாடு காட்ட வேண்டும், கடினம்.
ஐரிஸ்: ஆம்ஸ்டர்டாமில் உள்ள படத்தில் மஞ்சள் பின்னணியில் நீலம். எளிது.

நிலைப்பு
சூரியகாந்தி: அவர் பயன்படுத்திய குரோம் மஞ்சள் என்ற சாயம் வெளிச்சம் பட்டுப் பழுப்பேறும்.
ஐரிஸ்: இதில் இழப்பு இன்னும் பெரிது. சிவப்புச் சாயம் மங்கியதால் ஊதாப் பூக்கள் நீலமாகிவிட்டன. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள மற்றொரு ஐரிஸ் படத்தின் இளஞ்சிவப்புப் பின்னணி ஏறக்குறைய வெள்ளையாகிவிட்டது. எவ்வளவு வருத்தம்!

புதிதாகத் தூரிகை பிடிப்பவருக்கு ஐரிஸ். ஊதாவிலேயே வரையுங்கள், அவர் நினைத்த நிறம் அதுதான். கை பழகியவருக்குச் சூரியகாந்தி.