நீஸ், அமால்ஃபி, அந்தால்யா: அம்மாவின் முழங்காலை வைத்துப் போட்ட கடற்கரைக் கணக்கு

அம்மாவுக்கு வயது 74, இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. அக்காவின் கடைசிக்கு வயது 3. என் மூத்தவளுக்கு 15. இந்த மூன்று பேரையும் ஒரு கிழமை கடலோரத்தில் வைத்திருந்து, மூவரையும் முகம் சுளிக்காமல் பாரிஸுக்குத் திரும்பக் கூட்டி வரவேண்டும். நடுவில் இருக்கும் எங்களுக்கு எந்த ஊரும் சரிதான். மூன்று வருடங்களில் மத்தியதரைக் கடலின் மூன்று கரைகளுக்குப் போய்வந்தோம்: பிரான்ஸில் நீஸ், இத்தாலியில் அமால்ஃபி, துருக்கியில் அந்தால்யா. "எது நல்லது?" என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போதெல்லாம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, "உங்களோடு வரும் வயசானவர் எத்தனை படி ஏறுவார்?"

படத்தைப் பார்த்துத் தேர்ந்தால் அமால்ஃபிதான். செங்குத்தான மலை, அதில் ஒட்டிவைத்ததுபோல் வீடுகள், எலுமிச்சைத் தோட்டம், கீழே நீலக் கடல். 1997 முதல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் இருக்கும் கரை அது. ஆனால் மலையில் ஒட்டிய வீடு என்றால் மலையளவு படியும் உண்டு. அந்தக் கரையின் இன்னொரு ஊரான பொசித்தானோவில் நாங்கள் எடுத்த வீட்டிலிருந்து கடற்கரைக்கு இறங்க நூற்றுக்கணக்கான படிகள். தள்ளுவண்டி முதல்நாளே மூலையில் மடங்கிக் கிடந்தது; சின்னவனை ஆளுக்கொரு தரம் தோளில் சுமந்தோம். அம்மா முதல் இரண்டு நாளும் பல்கனியில் இருந்தபடியே கடலைப் பார்த்தார். ஊருக்கு ஊர் போகும் ஒற்றைச் சாலை வளைந்து வளைந்து போகும். ஆகஸ்டில் பஸ்ஸுக்குள் கால் வைக்க இடமிருக்காது. சின்னவன் இரண்டு தரம் வாந்தி எடுத்தான்.

இத்தனைக்கும் பிறகு, அம்மா இன்றுவரை வாய் ஓயாமல் பேசுவது அமால்ஃபியைத்தான். அந்த ஊர்ப் பேராலயத்தில்தான் அப்போஸ்தலர் அந்திரேயாவின் திருப்பண்டங்கள் இருக்கின்றன; 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து கொண்டுவந்தவை. பேதுருவின் சகோதரர், வலை வீசிய மனிதர். யாழ்ப்பாணத்துக் குருநகரில் கடலோரம் பிறந்து வளர்ந்த அம்மாவுக்கு அவர் தூரத்துப் புனிதர் அல்ல, நம்ம ஆள். கோயிலுக்கு 62 படி. "நீங்கள் கீழே ஊற்றடியில் இருங்கோ அம்மா, நாங்கள் போய்வாறம்" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றி என் மகளின் கையில் கொடுத்தார். இடையில் நான்கு இடத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு தரமும் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்து, மேலே போய்ச் சேர்ந்தார். பிறகு திருப்பண்டங்கள் இருக்கும் நிலவறைக்கும் இறங்கினார். மறுநாள் முழுக்கக் கட்டிலை விட்டு எழும்பவில்லை. அமால்ஃபி வேண்டாம் என்று நான் யாருக்கும் ஒரே வார்த்தையில் சொல்லாததற்கு அந்த 62 படிதான் காரணம்.

போகத்தான் வேண்டும் என்றால் தங்குமிடத்தை மாற்றுங்கள். சலேர்னோ தட்டையான ஊர். ரயிலிலேயே போய் இறங்கலாம். அங்கே தங்கினால் கோடையில் படகேறி முக்கால் மணி நேரத்துக்குள் அமால்ஃபி. வளைவுச் சாலையின் தொல்லை இல்லை. கடல் கொந்தளித்தால் மட்டும் படகு ஓடாது. கரையோரமே வேண்டுமென்றால் மயோரி: அந்தக் கரையில் ஆக நீளமான கடற்கரையும் தட்டையான தெருக்களும் அங்கேதான்.

நீஸில் எல்லாம் தலைகீழ். பாரிஸிலிருந்து டிஜிவி என்ற அதிவேக ரயிலில் ஏறினால் ஆறு மணி நேரத்துக்குள், ஒரு தரமும் மாறாமல், ஊர் நடுவில் இறங்கலாம். விமானத்தில் வந்தால் 2ஆம் இலக்க டிராம் விமான நிலையத்திலிருந்து துறைமுகம் வரை ஓடுகிறது. கடலோரமாக 7 கிலோமீட்டர் நீளத்துக்குத் தட்டையான நடைபாதை, அதில் யாரும் உட்காரலாம் என்று போட்ட நீலக் கதிரைகள். காலை ஏழு மணிக்கு அம்மா தானாகவே ஒரு கதிரையைக் கடல்பக்கம் திருப்பிப் போட்டு ஜெபமாலையோடு உட்கார்ந்துவிடுவார். யாருக்கும் அவர் பாரமில்லை, அவரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. மூன்றாம் நாள், "இந்தக் கடலுக்கு வத்தும் பெருக்கும் கிடையாதோ?" என்று கேட்டார். மத்தியதரைக் கடலில் வற்றுப் பெருக்கு மிகக் குறைவு. காலையில் பார்த்த கரைதான் மாலையிலும். கடலைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்குத்தான் அது உடனே தெரிகிறது.

கோட்டை மலைக்கும் லிஃப்ட் இருக்கிறது, காசில்லை. பழைய நகரில் சொக்கா வாங்கிக் கொடுங்கள். கொண்டைக்கடலை மாவையும் ஒலிவ் எண்ணெயையும் கரைத்து, அகன்ற தட்டில் ஊற்றி விறகடுப்பில் சுட்டு, மிளகுத்தூள் தூவித் தருவார்கள். ஓரம் மொறுமொறு, நடு மெத்து. பிட்ஸாவே வேண்டாம் என்றிருந்த அம்மா இரண்டு தட்டு சாப்பிட்டார்.

நீஸின் குறை கடற்கரைதான். மணல் கிடையாது, முழுக்கக் கூழாங்கல். வெறுங்காலில் இரண்டு அடி வைத்தாலே உள்ளங்கால் எரியும். அதைவிட, நாலைந்து அடி தள்ளிப் போனதும் கடல் சட்டென்று ஆழமாகிறது. சின்னப் பிள்ளையின் கையை விடவே முடியாது. எங்கள் வழி, காலை ரயிலில் பக்கத்து ஊரான வில்ஃப்ரான்ஷ் போவது. பத்து நிமிடம்கூட ஆகாது. ஸ்டேஷனுக்குக் கீழேயே மணல், அமைதியான குடா. மணல் கொஞ்சம் பருக்கைதான், ஆனால் வாளியும் மண்வெட்டியும் வேலை செய்தன.

மணலுக்காகவே போவதென்றால் அந்தால்யா. அங்கேயும் பார்த்துப் பிடியுங்கள்: கொன்யால்டி பக்கம் கல், லாரா பக்கம் மணல். லாராவில் சாப்பாடு, நீச்சல் குளம், விளையாட்டு எல்லாம் ஒரே கட்டணத்தில் அடங்கிய பெரிய ஹோட்டல்கள். சமையல் யார் தலையில் என்ற சண்டை இல்லாத ஒரே லீவு எங்களுக்கு அதுதான். அக்கா அதற்காகவே மறுபடி போகத் தயார். அம்மாவுக்குத்தான் மனம் ஒட்டவில்லை. "ஊருக்கு வந்தமா, ஹோட்டலுக்கு வந்தமா?" என்றார். ஜூலை, ஆகஸ்டில் பகல் வெயில் 35 பாகையைத் தாண்டும், வயசானவர்கள் அறையை விட்டு வரமாட்டார்கள். அக்டோபர் கடைசியில் வரும் தூசான் (பிரெஞ்சுப் பள்ளி) லீவுக்கு வைத்தால் வெயில் தணிந்திருக்கும், கடலும் குளிக்கும் சூட்டில் இருக்கும்.

ஊரிலிருந்து அம்மா அப்பாவை விசாவில் கூப்பிட்டிருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். பிரான்ஸும் இத்தாலியும் ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஒரே ஷெங்கன் விசாவுக்குள் வரும், துருக்கி வராது. அவர்களின் விசா ஒரு தரம் மட்டும் நுழையக்கூடியதாக இருந்தால், அந்தால்யா போனபின் பாரிஸுக்குத் திரும்ப முடியாது. டிக்கெட் போடுமுன் விசாத் தாளில் எத்தனை நுழைவு என்று பாருங்கள்.

வருகிற ஜூலைக்கு மறுபடியும் நீஸ்தான் பிடித்திருக்கிறோம், டிராம் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில், லிஃப்ட் உள்ள கட்டடம். மகளுக்கு இன்னமும் பொசித்தானோ ஆசை. அவளுக்குக் கால் இருக்கிறது, காலமும் இருக்கிறது. நீங்களும் போனால், வில்ஃப்ரான்ஷ் ரயிலில் வலப்பக்க ஜன்னலை வயசானவருக்கு விடுங்கள். கடல் அந்தப் பக்கம்தான்.