மாஸ்டடான்: குடி பெயர்ந்து பார்த்தபின் ஒரு மதிப்பீடு

நான் மூன்றாண்டுகளாகக் கணக்கு வைத்திருந்த மாஸ்டடான் வழங்கியை (சர்வரை) ஆறு வாரங்களில் மூடப்போவதாக அதை நடத்திவந்தவர் அறிவித்தபோதுதான், இந்தச் சேவையைப் பற்றி எழுதும் தகுதி எனக்கு வந்தது எனலாம். அதுவரை அது விளம்பரம் இல்லாத, இரைச்சல் குறைந்த இன்னொரு சமூக ஊடகம், அவ்வளவுதான். ஒரே நிறுவனத்திடம் இல்லாமல் பலர் நடத்தும் வழங்கிகளில் இயங்கும் பரவலாக்கப்பட்ட சமூக ஊடகங்களில் கட்டுப்பாடு பயனரின் கையில் இருக்கிறது என்ற பேச்சு எந்த அளவுக்கு மெய் என்பது மூட்டை கட்டும் நாளில்தான் தெரிகிறது.

மாஸ்டடான் என்பது ஜெர்மனியில் வாழும் யூஜென் ரோச்கோ 2016இல் வெளியிட்ட கட்டற்ற மென்பொருள். இதை யார் வேண்டுமானாலும் நிறுவி, தமக்கென ஒரு வழங்கியை நடத்தலாம். அப்படி நடக்கும் ஆயிரக்கணக்கான வழங்கிகள் ஆக்டிவிட்டிபப் என்னும் பொது நெறிமுறையின் (தகவல் பரிமாற்ற விதிகளின்) வழியாக ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. அந்த நெறிமுறையை, வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரியில் தன் பரிந்துரையாக வெளியிட்டது. மின்னஞ்சலைப் போலவே இங்கும் முகவரியில் உங்கள் பெயரும் வழங்கியின் பெயரும் சேர்ந்தே இருக்கும்; வேறொரு வழங்கியில் இருப்பவரைப் பின்தொடர அங்கே தனியாகக் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை.

அன்றாடப் பயன்பாட்டில் குறை சொல்ல அதிகமில்லை. முகப்பு ஓடை, அதாவது பதிவுகள் வந்துகொண்டிருக்கும் பக்கம், கால வரிசையில்தான் நகர்கிறது. நீங்கள் பின்தொடராத ஒருவரை யாரும் அதற்குள் திணிப்பதில்லை. ஒரு சொல்லை வடிகட்டச் சொன்னால் வடிகட்டுகிறது, அந்த வடிகட்டிக்குக் காலாவதி நேரமும் குறிக்கலாம் என்பதால், ஒரு வாரம் மட்டும் கண்ணில் பட வேண்டாம் என நினைக்கும் விவகாரத்தை ஒரு வாரத்துக்கு மட்டும் ஒதுக்கி வைக்க முடிகிறது. ஒரு வழங்கி முழுவதையுமே உங்கள் பார்வையிலிருந்து நீங்களாகவே தடுக்கலாம். 2023 செப்டம்பரில் வந்த 4.2 பதிப்பில் முழு உரைத் தேடல் சேர்க்கப்பட்டபோதும், அனுமதி தந்தவர்களின் பொதுப் பதிவுகள் மட்டுமே அந்தத் தேடலில் அகப்படும் என வைத்தார்கள். இத்தகைய தயக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது, அவசரமாக எதையாவது தேடும் நேரங்களில் எரிச்சலூட்டினாலும்.

இனி குடிபெயர்வுக்கு வருகிறேன். புதிய வழங்கியில் கணக்குத் தொடங்கி, அதன் அமைப்புகளில் பழைய முகவரியை எனது மாற்றுப்பெயர் என்று பதிய வேண்டும். பிறகு பழைய கணக்கினுள் சென்று புதிய முகவரியைத் தந்து, கடவுச்சொல்லை மீண்டும் இட்டு உறுதிசெய்ய வேண்டும். இந்த இரட்டைக் கையெழுத்து முறையால், இன்னொருவர் என் பின்தொடர்வோரைத் தம் கணக்குக்கு இழுத்துக்கொள்ள முடியாது. பொத்தானை அழுத்திய சில நிமிடங்களில் புதிய கணக்கின் எண்ணிக்கை பூஜ்ஜியத்திலிருந்து ஏறத் தொடங்கியது. ஒன்று, ஏழு, முப்பது என்று மெதுவாக ஏறியதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மறுநாள் காலைக்குள், ஏறத்தாழ 400 பேரில் மிகச் சிலரைத் தவிர எல்லோரும் வந்து சேர்ந்திருந்தனர், அவர்களில் ஒருவரும் எதையும் செய்ய வேண்டியிருக்கவில்லை. நான் பின்தொடர்ந்தவர்கள், தடுத்தவர்கள் ஆகியோரின் பட்டியல்களை மட்டும் தனித்தனிக் கோப்புகளாக இறக்கி, புதிய இடத்தில் நானே ஏற்றினேன். மையப்படுத்தப்பட்ட எந்தத் தளத்திலும் இந்த வசதியை நான் கண்டதில்லை. ஒருமுறை மாறினால் அடுத்த 30 நாட்களுக்கு மீண்டும் மாற முடியாது என்பது ஒரு நிபந்தனை. அதில் எனக்கு முறையீடு இல்லை.

முறையீடு பதிவுகளைப் பற்றியது. மனிதர்கள் வந்துவிட்டார்கள், நான் எழுதியவை வரவில்லை. ஏழு நாட்களுக்கு ஒருமுறை உங்கள் பதிவுகளின் ஆவணத்தைக் கேட்டுப் பெறலாம். படங்கள் தனி அடைவிலும், எழுதியவை எல்லாம் ஒரே ஜேசான் கோப்பிலுமாக (நிரல்கள் படிப்பதற்கான உரைக்கோப்பு)ச் சுருக்கிய பொதி ஒன்று கிடைக்கிறது. அந்தக் கோப்பைத் திறந்தால், ஒவ்வொரு பதிவைச் சுற்றியும் பழைய வழங்கியின் முகவரி பத்து இடங்களில் ஒட்டியிருக்கிறது. காரணமும் அதுதான்: இந்த முறையில் பதிவின் அடையாளமே அது பிறந்த வழங்கியின் முகவரி, வழங்கி போனால் அடையாளமும் போகிறது. அந்தப் பொதியைப் புதிய கணக்கில் ஏற்றுவதற்கு மாஸ்டடானில் இடமே இல்லை. மூன்றாண்டு எழுத்து என் கணினியில் பத்திரமாக உள்ளது, ஆனால் அதற்கு வந்த மறுமொழிகளும், அதைச் சுட்டிய இணைப்புகளும் அறுந்துவிட்டன.

இந்த இடத்தில் புளூஸ்கை என்ற இன்னொரு சமூக ஊடகம் ஒரு படி முன்னால் நிற்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2019இல் ட்விட்டரின் திட்டமாக அறிவிக்கப்பட்டு, 2024 பிப்ரவரியில் அழைப்பின்றி யாரும் சேரும்படி திறக்கப்பட்ட அந்தச் சேவையின் ஏடி நெறிமுறை, பயனரின் அடையாளத்தை அவரது தரவு இருக்கும் வழங்கியிலிருந்து பிரித்து வைக்கிறது. ஆகவே பதிவுகளையும் சேர்த்தே இடம் மாற்ற முடிகிறது. எந்த வரிசையில் பதிவுகளைப் பார்ப்பது என்பதைத் தீர்மானிக்கும் ஓடைகளையும் பிறர் உருவாக்கியவற்றிலிருந்து தேர்ந்துகொள்ளலாம். ஆயினும் மிகப் பெரும்பாலான கணக்குகள் இன்றும் அந்த ஒரே நிறுவனத்தின் வழங்கிகளில்தான் இருக்கின்றன. கதவு திறந்திருக்கிறது, ஆனால் வெளியே வீடுகள் குறைவு. நோஸ்டர் என்ற மற்றொரு பரவலாக்கப்பட்ட நெறிமுறை இன்னொரு எல்லை: அங்கே கணக்கு என்பதே உங்களிடம் உள்ள ரகசியச் சாவிதான், அது தொலைந்தால் மீட்டுத்தர ஒருவரும் இல்லை. அவ்வளவு சுதந்திரத்தைச் சுமக்க நான் தயாராக இல்லை.

மாஸ்டடானில் கட்டுப்பாடு பயனரிடம் இருப்பதாகச் சொல்வதைவிட, நீங்கள் தேர்ந்த வழங்கியின் நிர்வாகியிடம் இருப்பதாகச் சொல்வதே துல்லியம். தனிச்செய்திகள் முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்படுவதில்லை. நிர்வாகி விரும்பினால் படிக்கலாம், எழுதும் பெட்டியிலேயே அதற்கான எச்சரிக்கை வருகிறது. எந்த வழங்கிகளோடு உறவை முறிப்பது என்பதையும் அவரே முடிவு செய்கிறார். 2019இல், தீவிர வலதுசாரிகள் கூடும் சமூக ஊடகமான காப் தளம் மாஸ்டடான் மென்பொருளுக்கு மாறியபோது, ஏராளமான வழங்கிகள் அதைத் தடுத்தன. மென்பொருளை எடுத்துக்கொள்ள யாருக்கும் உரிமை உண்டு, உரையாட வைக்க எவருக்கும் உரிமையில்லை என்ற அந்த ஏற்பாடு அன்று நன்றாகவே வேலை செய்தது. ஆனால் இரண்டு நிர்வாகிகளின் சண்டையில் நண்பர்களின் தொடர்பு ஓரிரவில் அறுபடுவதும் அதே ஏற்பாட்டினால்தான்.

எனவே, இம்முறை வழங்கியைத் தேர்ந்தபோது அதன் அழகையோ பெயரையோ பார்க்கவில்லை. மாஸ்டடானின் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இடம்பெறும் வழங்கிகள், அன்றாடம் காப்புப்படி எடுப்பதாகவும், அவசரத்துக்கு இன்னொருவரிடமாவது அணுகல் இருக்கும் என்றும், மூடுவதானால் மூன்று மாதங்களுக்கு முன்பே அறிவிப்பதாகவும் ஒப்புக்கொண்டவை. என் பழைய வழங்கி அந்தப் பட்டியலில் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். நன்கொடைக் கணக்கைப் பொதுவில் வெளியிடும், மூன்று நிர்வாகிகள் கொண்ட ஒரு நடுத்தர வழங்கியில் இப்போது இருக்கிறேன், மாதந்தோறும் சிறு தொகையும் தருகிறேன். பதிவுகளைப் பாதுகாப்பதே முதன்மை என்பவர் புளூஸ்கைக்குச் செல்லலாம், அல்லது சொந்த வலைத்தளத்தில் எழுதி இங்கே இணைப்பு மட்டும் தரலாம். நீண்டவற்றுக்கு நான் இரண்டாவது வழியைப் பிடித்திருக்கிறேன். உரையாடலுக்கு மாஸ்டடானிலேயே தொடர்கிறேன்.