திண்ணை வகுப்புக்கு ஒரு சுருள் பலகை

பி.எட். படித்தவர்களுக்கு இந்தச் சுருட்டி வைக்கும் கரும்பலகையைத் தெரிந்திருக்கும். ரெக்சினில் கறுப்புப் பூச்சு, மேலும் கீழும் மரக்கட்டை, நாலடிக்கு மூன்றடி. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஸ்டேஷனரி கடையில் 320 ரூபாய் கொடுத்து வாங்கினேன். இரண்டு வருடம் தினமும் எழுதிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

2021 கடைசியில் தமிழக அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது முதல் 12 மாவட்டங்களில் கடலூரும் இருந்தது. கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்தபோது பிள்ளைகள் விட்ட பாடத்தைத் தன்னார்வலர்கள் சாயங்காலம் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. அப்போது மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை. நல்ல வேலை கிடைக்கும்வரை பார்ப்போம் என்றுதான் பெயர் கொடுத்தேன். தேவனாம்பட்டினத்தில் அத்தை வீட்டுத் திண்ணைதான் வகுப்பு. ஆணி அடிக்கச் சுவர் தாங்காது. ஜன்னல் கம்பியில் இதைத் தொங்கவிட்டேன்.

சாக்பீஸ் நன்றாகப் பிடிக்கிறது, கடைசிப் பிள்ளைக்கும் எழுத்து தெரிகிறது. மழை வந்தால் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். தொங்கவிடும் கயிறு மட்டும் மூன்றாம் நாளே அறுந்தது. கடையில் மாற்றித் தரவில்லை. நைலான் கயிறு போட்டுக்கொண்டேன்.

பெரிய குறை, கீழ்க்கட்டை லேசு. இங்கே அடிக்கிற கடல்காற்றில் ஒரு எழுத்தை முடிப்பதற்குள் பலகை எழும்பி முகத்தில் அடிக்கும். நாலாவது படிக்கும் பையனின் அப்பா வலை பிரிக்கப் போகும்போது இதைப் பார்த்தார். மறுநாள் பழைய வலையிலிருந்து நாலு ஈயக்குண்டை எடுத்து, துணியில் சுற்றி, கட்டையின் பின்பக்கம் கட்டிக் கொடுத்தார். அதற்குப் பிறகு பலகை அசையவே இல்லை.

அன்றைக்கு அந்தப் பையன்தான் முதலில் எழுத வந்தான். "வளையில் வாலை" என்று எழுதினான். எந்த வலைக்கு எவ்வளவு கண் என்று எனக்கே சொல்லித்தருபவன் அவன். நாக்கை மடித்து "வாளை" சொல், மடிக்காமல் "வலை" சொல் என்றேன். ஏழெட்டுத் தடவை சொல்லிப் பார்த்தான். அப்புறம் உள்ளங்கையால் இரண்டு எழுத்தை மட்டும் அழித்துவிட்டு, "வலையில் வாளை" என்று திருத்தினான். அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினான். ஏழு மணிக்கு முடிய வேண்டிய வகுப்பு அன்றைக்கு எட்டரை வரை நடந்தது. வேறு வேலைக்கு விண்ணப்பம் போடுவதை அந்த வாரத்தோடு நிறுத்தினேன். டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வுக்கு மட்டும்தான் இப்போது படிக்கிறேன்.

ஒரு வருடத்தில் சுருட்டும் இடங்களில் பூச்சு வெடித்து, சாக்பீஸ் வழுக்கத் தொடங்கும். அதன்மேல் பெயிண்ட் அடிக்காதீர்கள். நான் அடித்தேன், இன்னும் மோசமானது. எழுதும் பக்கம் வெளியே இருக்கும்படி தளர்வாகச் சுருட்டுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் நன்றாகக் காய்ந்த பிறகே சுருட்டுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

சுவர் இருப்பவர்கள் சுவரிலேயே கறுப்பு அடித்துக்கொள்ளலாம். திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ மரத்தடியிலோ பாடம் எடுப்பவர்கள் இதைத் தாராளமாக வாங்கலாம். கீழ்க்கட்டையை மட்டும் கையில் தூக்கிப் பார்த்து வாங்குங்கள். லேசாக இருந்தாலும் சரி, எங்கள் ஊரில் ஈயக்குண்டு கிடைக்கும், நான் வாங்கித் தருகிறேன்.